முதனூலும் வழிநூலும்: நாவல்வழித் தொடர்கள் பற்றிய வாதங்கள்

ஒரு கதையைக் கேட்டவர் பலர் ஒருங்கிருந்து அதன் குணங்குற்றங்களை ஆராய்தல் எம்மவர்க்குப் புதியதொரு வழக்கமன்று. யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிலே கந்தபுராண படனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் விரிப்பார். கேட்டிருப்போருள் நூலறிவுடையார் அவ்விளக்கத்தைத் தம் நெஞ்சிலுள்ள மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குவர். பயன் சொல்பவர் ஒன்றை விடுத்தால் ஏன் விடுத்தார் என்பர். ஒன்றைக் கூட்டினால் அதனை எங்கிருந்து பெற்றார் என்பர். மூலமும் அதன் விளக்கமும் ஒரே அவையில் ஒருங்கு நிற்றலே அவ்வாராய்ச்சிக்கு வலிமை தந்தது.

இக்காலத்தில் அவ்வாராய்ச்சி வேறோர் அவையிலே நிகழ்கின்றது. நாவல்கள் தொலைக்காட்சித் தொடர்களாகவும் திரைப்படங்களாகவும் வெளிவர, அவற்றைப் பார்ப்போர் வீட்டிலும் வீதியிலும் வகுப்பறை வாயிலிலும் அவை பற்றி வாதிடுகின்றனர். 1990களில் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களைத் தழுவி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் தொலைக்காட்சியில் வந்தபோது, நிகழ்வன தெய்வச் செயலோ மனிதர் செயலோ என்று தமிழ் மக்கள் வாரந்தோறும் வழக்காடினர். அண்மைக் காலத்தில் உலகளாவிய வாதத்துக்கு இடமாயது ‘கேம் ஒவ் துரோன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர். தமிழர்க்கு அத்தகைய பெருவாதத்தை அளித்தது ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம்.

இவ்வாதங்களிற் பெரும்பாலன இரண்டு தீர்ப்புக்களுள் அடங்கும். நாவலில் உள்ளவாறே உளது, ஆதலின் நன்று என்பது ஒன்று. நாவலில் உள்ளவாறு இல்லை, ஆதலின் தீது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் போதிய அளவுகோல்கள் ஆகா என்பதும், அவற்றினும் நுண்ணியதொரு கோல் தமிழிலக்கண மரபிலேயே உண்டு என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கின்றது. வழிநூல் தானும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என நால்வகைப்படும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தை அச்சேற்றியமையால் இப்பகுப்பு யாவர்க்கும் எளிதிற் கிடைத்தது. பின்வந்த நன்னூலார், வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநிற்க வேண்டும் என்றும், பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளை அதனிடத்துக் கூறலாம் என்றும் விதித்தார். இவ்விதிகள் கதை நூலைக் கருதி எழுந்தன அல்ல என்பது உண்மையே. எனினும் ஒருவர் செய்ததை மற்றொருவர் எடுத்து வேறொரு வடிவிற் செய்யும்போது எழும் வினாக்கள் எல்லாத் துறைக்கும் பொது. வேறுபாடு செய்தல் பின்னோனின் உரிமை. முடிபு பிறழாது காத்தல் அவன் கடமை. உரிமையும் கடமையும் ஒருங்கு கூறப்பட்டமையே இவ்விதியின் சிறப்பு.

இதற்குக் கம்பனே சான்று. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவன் வீடணன் வாயிலாகக் கூட்டினான். இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கிச் சென்றான் என்னும் பகுதியை மாற்றி, அவள் இருந்த சாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றான் என்றான். மூலத்தோடு ஒத்தலே அளவாயின் இவை இரண்டும் குற்றமாதல் வேண்டும். அவ்வாறு கூறுவார் எவருமிலர். சீதை கவரப்பட்டாள் என்னும் நிகழ்ச்சி நிற்கின்றது. அதனால் விளைவன யாவும் நிற்கின்றன. தமிழவையின் உள்ளப்பாங்குக்கு ஏற்பச் செயலின் முறை மாத்திரமே மாறியது. இரணியன் கதையோ பின்வரும் இராவணன் அழிவுக்கு முன்னறிவிப்பாய் நின்று காரணத்தை வலியுறுத்துகின்றது. ஆகவே பின்னோன் எதனை மாற்றினான் என்பதோடு, மாற்றியபின் காரண காரியத் தொடர்பு நின்றதா, அறுந்ததா என்பதும் வினாவப்படல் வேண்டும்.

இக்கோலைக் கொண்டு அமெரிக்கத் தொடரை அளந்து பார்ப்போம். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையின் முதல் நூல் 1996இலும் ஐந்தாம் நூல் 2011இலும் வெளிவந்தன. டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் அமைத்த தொடர் 2011 ஏப்ரில் முதல் 2019 மே வரை எட்டுப் பருவங்களாய் 73 பகுதிகளில் ஒளிபரப்பாயிற்று. கற்பனைக் கண்டமொன்றில் அரியணைக்காகப் பல குடிகள் பொருதலும், வடக்கே இறந்தோர் எழுந்து வருதலும், கிழக்கே நாக விலங்குகள் மீளப் பிறத்தலும் அதன் பொருள்.

தொடக்கப் பருவங்களிலே பார்ப்போர் இரு வகுப்பினராய் நின்றனர்: நூலை வாசித்தோர் ஒரு சாரார், வாசியாதோர் மற்றொரு சாரார். முதற் பருவத்திலே கதைத் தலைவன் எனக் கருதப்பட்ட நெட் ஸ்டார்க் தலை துணிக்கப்பட்டபோது வாசியாதோர் திகைத்தனர். வாசித்தோர் அத்திகைப்பைக் கண்டு மகிழ்ந்தனர். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் நாவலில் உள்ள திருமண விருந்துப் படுகொலை 2013இலே திரையில் வந்தது. வாசித்தோருட் பலர் அதனை முன்னரே அறிந்திருந்தும் மற்றையோரின் சுவை கெடாவண்ணம் வாய் திறவாதிருந்தனர். புராணபடனத்திலே கதை முடிபை அறிந்த முதியோர், அறியாத சிறுவரின் முகத்தை நோக்கியிருக்கும் நிலை இதனையொத்தது. மூலம் கையில் இருந்தமையால் அக்கால வாதங்கள் பயனுடையனவாயின. கொலையுண்ட கேட்லின் மீண்டெழுந்து பழிவாங்கும் பகுதி நாவலில் உண்டு, தொடரில் இல்லை. அதனை விடுத்தது தகுமா என்று வினாவியோர் இரு வடிவங்களையும் அருகருகே வைத்து நோக்கினர். அது மெய்யான திறனாய்வு.

ஐந்தாம் பருவத்தின் பின்னர் நிலைமை வேறாயிற்று. வழிநூல் முதனூலை முந்திச் சென்றது. தொடர் முடிந்த 2019ஆம் ஆண்டிலும் ஆறாம் நாவல் வெளிவந்திருக்கவில்லை. மார்ட்டின் கதை முடிபின் முக்கியமான கூறுகளைத் தொடரமைத்தோருக்கு முன்னரே சொல்லியிருந்தார். எனவே அவர் கையில் முடிபு இருந்தது. அம்முடிபுக்குச் செல்லும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. முன்னோர் முடிபோடு ஒத்தல் மாத்திரம் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முதல் ஆறு பருவங்களும் பத்துப் பத்துப் பகுதிகளாக வர, ஏழாம் பருவம் ஏழு பகுதிகளாகவும் எட்டாம் பருவம் ஆறு பகுதிகளாகவும் சுருங்கின. முன்னர் நெடும்பயணமாயிருந்த தூரங்களைப் பாத்திரங்கள் கணப்பொழுதிற் கடந்தன. அடிமைகளை மீட்டவளாக முன்னர்ப் பல பகுதிகளிற் காட்டப்பட்ட டெனேரிஸ், சரணடைந்த நகரை நெருப்புக்கு இரையாக்கினாள். தொடரின் இறுதிப் பருவத்தை மீள எடுத்தல் வேண்டுமெனப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டு விண்ணப்பித்தனர். இதனைச் சிலர் பார்ப்போரின் பேராசை என்று எள்ளினர். விண்ணப்பத்தினால் ஒரு கலைப்படைப்புத் திருந்தாது என்பது மெய்யே. ஆனால் அம்முறைப்பாட்டின் உள்ளீடு இகழத்தக்கதன்று. அரசி நகரை எரித்தமையைப் பலர் வெறுக்கவில்லை; அவள் அங்ஙனம் செய்தற்குரிய மனமாற்றம் படிப்படியாகக் காட்டப்படவில்லை என்றே கூறினர். எமது இலக்கணிகள் நூற்குற்றங்களை எண்ணிய இடத்தில் இதற்குரிய பெயர்கள் உள்ளன. வேண்டுவதை வேண்டுமளவு கூறாமை குன்றக் கூறல். முன்னர்க் கூறியதோடு முரண்படல் மாறுகொளக் கூறல். அமெரிக்கப் பார்ப்போர் இப்பெயர்களை அறியார், குற்றங்களை அறிந்தனர்.

வியப்புக் கதையிலே காரணம் எதற்கு, நாக விலங்கு பறக்கும் உலகில் எதுவும் நிகழலாமன்றோ எனச் சிலர் வினாவுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. சூரபன்மன் மாமரமாய் நின்றதும், அது பிளவுண்டு மயிலும் சேவலும் ஆனதும் கந்தபுராணங் கேட்போர்க்கு இடர்ப்பாடு தருவதில்லை. அவன் தவஞ்செய்து பெற்ற வரமும், அவ்வரத்தின் எல்லையும், அதனால் அவன் கொண்ட செருக்கும் முன்னரே நிறுவப்பட்டுள்ளன. சூரன்போர் நாளிலே கோயில் வீதியில் நிற்கும் சிறுவனும் அக்காரணத்தை அறிவான். இயற்கை விதிகளைக் கடந்த கதை தனக்கெனத் தானே விதித்துக்கொண்ட விதிகளை மிகக் கண்டிப்பாகக் காத்தல் வேண்டும். அவற்றையும் கைவிடுமாயின் கேட்போர் பற்றுதற்கு ஒரு கோலும் எஞ்சாது.

மார்ட்டினின் மற்றொரு நூல் இக்கருத்தை வேறொரு வகையில் வலியுறுத்தும். 2018இல் வெளிவந்த அவரது ‘ஃபயர் அண்ட் பிளட்’ ஒரு வரலாற்றுக் குறிப்பின் வடிவில் அமைந்தது. அதன் ஒரு பகுதியினின்று 2022இல் தொடங்கிய ‘ஹவுஸ் ஒவ் த டிராகன்’ சுருங்கிய குறிப்பை நெடிய காட்சிகளாக்கியது. தொல்காப்பியர் வகுப்பில் இது விரித்தல். அதிலே ஒரு குழந்தைப் பாத்திரம் விடுபட்டதைக் குறித்து மார்ட்டின் 2024இல் வெளிப்படையாக எழுதினார். அக்குழந்தையைச் சார்ந்து பின்னர் வரவேண்டிய நிகழ்ச்சிகள் நிலைகுலையும் என்பதே அவர் கவலை. சிறு பாத்திரமாயினும் அது தாங்கிநிற்கும் பாரம் சிறிதன்று என்பதை மூலாசிரியனே கூறக் கேட்கின்றோம்.

இனித் தமிழ்நிலத்துக்கு வருவோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து ஐந்து பாகங்களாய் நிறைவெய்திய நாவல். வந்தியத்தேவன் பூங்குழலியின் படகேறி ஈழக்கரை சேரும் பகுதியால் அது எம்மவர்க்குத் தனியுரிமையும் உடையது. மணிரத்னம் அதனை 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரிலிலும் இரு பாகங்களாக வெளியிட்டார். இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கதை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடக்கப்பட்டது, இது தொகுத்தல். இங்கே மூலம் முற்றுப்பெற்றிருந்தது. நாட்டுடைமையாக்கப்பட்டமையால் குறைந்த விலையில் எங்கும் கிடைத்தது. படம் பார்த்துவந்த இளைஞர் பலர் வீட்டிலிருந்த பழைய பிரதியைத் தேடியெடுத்து வாசித்தனர். பாட்டியார் ஒரு நியாயமும் பேரன் ஒரு நியாயமும் கூறி வழக்காடும் நிலை உண்டாயிற்று.

அவ்வழக்குகளுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். நாவலிலே அருண்மொழி தனக்குரிய முடியைச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகின்றான். பூத்தொடுத்துத் தேவாரம் பாடி வாழ்ந்த அவனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்பது இறுதியில் வெளிப்படும் இரகசியம். திரைப்படம் அவ்விரகசியத்தை விடுத்தது. முடியை விரும்பிச் சூழ்ச்சியிற் சேர்ந்திருந்த மதுராந்தகனுக்கே அருண்மொழி அதனைச் சூட்டுகின்றான். உத்தம சோழன் அரசனானான் என்னும் முடிபு இரண்டிலும் ஒன்றே. நன்னூலார் விதி காக்கப்பட்டது. ஆயினும் பொருள் மாறியது. நாவலில் முடியை வேண்டாதவன் ஒருவன் வேண்டாத மற்றொருவனுக்கு அளிக்கின்றான். அரசுரிமையின் மேல் பற்றின்மையே அங்கு வென்றது. படத்தில் வேண்டாதவன் வேண்டியவனுக்கு அளிக்கின்றான். பகை தணித்தலே அங்கு வென்றது. பின்னதில் தியாகம் ஒருவகையிற் கூர்மை பெறுகின்றது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் பூமாலை தொடுத்த கை செங்கோல் ஏந்துதலாகிய வியப்பு போய்விட்டது.

மணிமேகலை என்னும் பாத்திரம் படத்தில் இடம்பெறாமை இதனினும் பெரிய இழப்பு. வந்தியத்தேவன் மீது அவள் வைத்த அன்பும், கொலைப் பழியைத் தான் ஏற்க முற்பட்டமையும், அறிவு கலங்கி அவள் உயிர் நீத்தலுமே நாவலின் இறுதி ஒலியாய் நிற்பன. அரசகுலத்தாரின் வெற்றிக்கு அரசியலறியாப் பெண்ணொருத்தி கொடுத்த விலை அது. அவளை நீக்கியபோது கதை நடந்தது. கதையின் துயரம் குறைந்தது. இத்தகைய தீர்ப்பை, இரண்டையும் கற்றவர் அன்றி மற்றையோர் வழங்குதல் அரிது.

இதனாற் பெறப்படுவது யாது? பார்ப்போரின் வாதம் வீண்பேச்சென்று ஆசிரியர்கள் ஒதுக்கிவிடல் தகாது. அது திறனாய்வின் முளை. ஆனால் முளை மரமாதற்கு மூலம் என்னும் நிலம் வேண்டும். மூலத்தை அறியாதார் வாதம் விருப்பு வெறுப்புக்களில் முடியும். அறிந்தார் வாதமோ இது விடுபட்டது, இதனைச் சார்ந்திருந்தது இன்னது, ஆதலால் இழப்பு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூறும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததைக் கண்ட சமுதாயம் நாம். மூலத்தை இழத்தல் இன்னதென்பதை எமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நெருப்பால் இழந்தது எம் செயலன்று. கையிலிருக்க வாசியாது இழப்பது எம் செயலே.

ஆதலின் உயர்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சியை முன்மொழிவாம். தாம் விரும்பிப் பார்த்த தொடரிலோ படத்திலோ ஒரு காட்சியை அவர்கள் தெரிந்தெடுப்பாராக. மூலத்தில் அதற்குரிய அத்தியாயத்தை வாசிப்பாராக. கூட்டியது எது, குறைத்தது எது, அதனால் நின்ற காரணம் எது, அறுந்த காரணம் எது என நான்கு பத்திகளில் எழுதுவாராக. அக்கட்டுரை வகுப்பிலே வாசிக்கப்பட்டு, மற்றையோர் அதனை மறுத்தும் உடன்பட்டும் பேசுங்கால், புராணபடன அவையில் எம் முன்னோர் பயின்ற திறம் இன்றைய மாணவரிடத்தும் குன்றாதுளது என்பது புலனாகும்.