குடமும் குயவனும்

குடத்தைக் கண்டார் அதனை வனைந்த குயவன் ஒருவன் உளன் எனத் துணிவர்; அங்ஙனமே உலகத்தைக் கண்டார் அதனைப் படைத்த இறைவன் உளன் எனத் துணிதல் வேண்டும் என்பது சைவநூல் கற்கப் புகும் மாணாக்கர் முதன்முதற் கேட்கும் நியாயம். சொல்லுதற்கு எளிதாய், மனத்தில் நிற்பதாய் அமைந்த இவ்வுவமையின் எளிமையே அதற்கு ஓர் இடராகவும் முடிகின்றது. இஃதொன்றையே கைக்கொண்டு சென்ற மாணாக்கன், வன்மையுடைய மறுப்பாளன் ஒருவனை எதிர்ப்படின், உவமையை இழப்பதோடு அதன்மேல் வைத்த நம்பிக்கையையும் உடனிழப்பான். ஆதலின் இந்நியாயம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எவ்விடத்து முறியும் என்பதை நடுநிலையில் நின்று ஆராய்தல் பயனுடைத்து.

இதனை அளவை நூல் முறையில் விரித்து நிறுவியோர் நையாயிகர். அவருள் தலைசிறந்தவர் பத்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த உதயணர். அவர் இயற்றிய நியாயகுசுமாஞ்சலி ஐந்து பகுதிகளையுடையது. கடவுள் உண்மையை நிறுவுதலையே பொருளாகக் கொண்டது. உலகம் காரியம், காரியமாயவை யாவும் அறிவுடைய வினைமுதல் ஒருவனால் ஆவன, குடம்போல, ஆதலின் உலகமும் அறிவுடைய ஒருவனால் ஆயது என்பது அவர்தம் ஏதுக்களுள் முதன்மையானது.

இவ்வனுமானத்தின் உயிர்நிலையைத் தாக்கியவர் ஏழாம் நூற்றாண்டினராகிய பௌத்த ஆசிரியர் தருமகீர்த்தி. அவர் மறுப்பு உதயணருக்கு முன்னரே எழுந்தது. குடத்தைக் கண்டு குயவனை உணர்வது, குயவர் குடம் வனைதலை முன்னர்க் கண்ட பழக்கத்தால் ஆவது. வடிவுடைமை என்னும் பொதுமை ஒன்றே போதும் எனின், மண்ணால் ஆகி வடிவுற்று நிற்கும் புற்றையும் குயவனே வனைந்தான் எனல் வேண்டும். சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பது அவர் கருத்து. காட்டில் விதைப்பாரின்றி முளைக்கும் புல்லையும் மறுப்பாளர் எடுத்துக்காட்டுவர். அப்புல்லும் இறைவன் செயலே என நையாயிகர் விடை கூறுவர். ஆயின் நிறுவவேண்டிய பொருளையே நிறுவப்பட்டதாகக் கொண்டு கூறும் விடை அது. இவ்விடத்திற் பௌத்தர் வாதமே வலியுடைத்து என ஒப்புதல் நேர்மை.

இம்மறுப்பு வேதத்தை ஒவ்வாதார்க்கு மாத்திரம் உரியதென்று கருதுதல் தவறு. வேதநெறியைக் காக்கப் புகுந்த மீமாஞ்சகராகிய குமாரிலபட்டர் தமது சுலோகவார்த்திகத்திற் படைப்போன் ஒருவனை மறுக்கின்றார். படைப்போனுக்கு உடம்பு இல்லையேல் விருப்பமும் முயற்சியும் எவ்வாறு உளவாம்? உடம்பு உண்டேல் அவ்வுடம்பைப் படைத்தவர் யார்? துன்பம் நிறைந்த உலகத்தை அருளுடையோன் ஒருவன் எப்பயன் கருதிப் படைத்தான்? இவை அவர் எழுப்பும் வினாக்கள். திருமாலிடத்து உறுதி பூண்ட இராமாநுசரும் பிரமசூத்திர உரையில் இவ்வனுமானத்தைக் கைவிட்டு, இறைவனை அறிதற்கு வேதமே பிரமாணம் என்றனர். பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுதல்போல உலகத்தையும் பலர் கூடிச் செய்திருக்கலாகாதோ என்பது அவர் காட்டிய தடைகளுள் ஒன்று. ஆதலின் இவ்வனுமானத்தை மறுப்பார் யாவரும் கடவுளை மறுப்பார் அல்லர்.

மேனாட்டிலும் இவ்வழக்கு இவ்வாறே நடந்தது. ஹியூம் 1776இல் இறந்தபின், 1779இல் வெளிவந்த அவரது உரையாடல் நூலில், பல தெய்வங்கள் கூடி உலகைச் செய்திருக்கலாகாதோ என்னும் அதே தடை காணப்படுகின்றது. கான்ற் 1781இல் வெளியிட்ட நூலில், உலகின் ஒழுங்கைக் கொண்டு துணியப்படுபவன் முன்னரே உள்ள பொருளைத் திருத்தியமைக்கும் சிற்பி ஆவனேயன்றி, எல்லாவற்றையும் படைத்த எல்லையிலான் ஆகான் என்றார். பின்னர் 1802இற் பேலி என்பார் கடிகாரத்தையும் அதனைச் செய்தோனையும் உவமை காட்டி அவ்வாதத்தைப் புதுக்கினார். உயிர்களின் உறுப்பமைதியே அவருக்குப் பெருஞ் சான்று. 1859இல் தார்வின் இயற்கைத் தேர்வு என்னும் முறையால் அவ்வமைதிக்குக் காரணங் காட்டியபின் அச்சான்றின் வன்மை பெரிதும் குறைந்தது.

இனி மெய்கண்டார் கூற்றை நோக்குதல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பன்னிரண்டு சூத்திரங்களாக அமைந்த சிவஞானபோதம், தன் முதற் சூத்திரத்திலேயே இவ்வாராய்ச்சியைத் தொடங்குகின்றது. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது; ஆதலின் அதனைச் செய்வோன் ஒருவன் உளன்; ஒடுங்கிய இடத்தினின்றே மலம் காரணமாக அது மீளத் தோன்றும்; ஒடுக்குவோனே முதல்வன் என்பது அதன் கருத்து. ஈண்டு உறுப்புக்களின் நுண்ணிய அமைதி ஏதுவாகக் கூறப்படவில்லை. தோற்றமும் ஒடுக்கமுமே ஏதுவாயின. ஆகவே பேலியின் வாதத்தை வீழ்த்திய தார்வின் கொள்கை இதனை நேரே தீண்டுவதில்லை.

கான்ற் கூறிய தடையின் ஒரு பாதியும் இங்குத் தடையாகாது. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என வகுத்து, மாயை, சத்தி, இறைவன் என்னும் மூன்றற்கும் அவற்றை உவமையாக்குவது சித்தாந்தம். இல்லாததினின்று உலகம் பிறந்தது என அது கூறவில்லை. முன்னுள்ள பொருளைத் தொழிற்படுத்துவோன் என்பது கிறித்தவர்க்குக் குறையாகலாம். சைவர்க்கு அதுவே கொள்கை. குமாரிலர் வினாவிய பயனுக்கும் விடை உண்டு. உயிர்கள் அநாதியே மலத்தாற் கட்டுண்டன. அம்மலம் நீங்கும் பொருட்டே உடலும் உலகும் தரப்படுகின்றன. உலகம் இறைவனுக்கு வேண்டியதன்று, உயிருக்கு வேண்டியது.

ஆயினும் இருவகை இடைவெளி எஞ்சுகின்றது. உலகிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தோன்றி ஒடுங்கினும், முழு உலகமும் அவ்வாறு தோன்றி ஒடுங்கும் என்பது எவ்வாறு பெறப்படும்? உலகம் இவ்வாறல்லாத காலம் என்றுமே இல்லை என்பர் மீமாஞ்சகர். அண்டம் ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகட்கு முன் மிக நெருங்கிய வெப்ப நிலையினின்று விரியத் தொடங்கியது என இக்கால வானநூலார் கணிப்பர். அது மீமாஞ்சகர் கூற்றைத் தளர்த்தும். ஆயினும் அவ்விரிவைச் செய்வோன் உளன், இலன் என இரண்டனுள் ஒன்றையும் அந்நூல் கூறாமையின், அதனைச் சைவத்திற்குச் சான்றாக இழுத்தல் முறையன்று.

இரண்டாவது இடைவெளி இன்னும் ஆழமானது. இறைவன் முற்றறிவினன் என்பது, எல்லா உயிர்களின் வினைகளையும் அறிந்து பயனூட்டுவோன் அவன் என்பதனாற் பெறப்படுவது. வினை சடம்; தானே சென்று பயன் தராது என்பர் சித்தாந்திகள். மருந்தும் அறிவில்லாததே, அஃது உண்டாரைக் குணப்படுத்தவில்லையோ என ஒருவர் வினவலாம். இன்னார்க்கு இம்மருந்து இவ்வளவு எனத் தெரிந்து ஊட்டுதல் மருத்துவன் செயலேயன்றி மருந்தின் செயலன்று என்பது தக்க விடையாம். ஆயின் அவ்விடை வினையுண்மையை ஒப்புவார்க்கே விடை. வினையே இல்லை என்னும் உலகாயதனை அது தொடாது. அவனுக்கு வினையையும் மறுபிறப்பையும் முன்னர் நிறுவல் வேண்டும். அது வேறொரு பெருவழக்கு.

ஆகவே தெளியப்படும் முடிபு இது. குடமும் குயவனும் என்னும் உவமை தனித்து நின்று கடவுளை நிறுவாது. உயிர், மலம், வினை என்பவற்றோடு பிணைந்து நிற்கும்போது அது ஒரு முழுக் கொள்கையின் உறுப்பாகி, அக்கொள்கை தன்னுள் முரணின்றி நிற்றலைக் காட்டும். முரணின்மை ஒரு கொள்கைக்குச் சிறப்பே. எனினும் மாற்றானை வாயடைக்கும் சான்று அதுவன்று. இவ்வேறுபாட்டை மறைத்துக் கற்பித்தல் மாணாக்கனுக்கு வலியில்லாத கேடகத்தைக் கொடுத்துப் போருக்கு அனுப்புவதை ஒக்கும்.

முன்னோர் அங்ஙனம் அனுப்பினாரல்லர். மணிமேகலை சமயக் கணக்கர் பலர்தம் திறத்தை ஒரு காதையில் வரிசைப்படக் கூறுகின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உலகாயதன் முதலாக மாற்றார் கொள்கைகளைப் பரபக்கத்திற் கூறி மறுத்த பின்னரே சுபக்கத்திற் புகுந்தார். தன் கொள்கையை உரைக்குமுன் எதிரியின் வாயால் அவன் வழக்கைக் கேட்டல் அவர் கைக்கொண்ட ஒழுங்கு. சுபக்கத்தை மாத்திரம் மனப்பாடஞ் செய்து பரபக்கத்தைப் பூட்டி வைக்கும் வழக்கம் அவ்வொழுங்கினின்று வழுவியதாகும். கடவுள் உண்டு என்பானும் இல்லை என்பானும் தத்தம் வாதத்தின் எல்லையை அறிந்து பேசுமிடத்தே அறிவு வளரும். அவ்வறிவுக்கு அஞ்சும் பத்தி நெடுநாள் நிலைபெறாது.