ரேடியோ எங்கே இருந்தது?

பழைய வானொலி நேயர்கள் இருவர் சேர்ந்தால் பேச்சு கேள்வியில்தான் தொடங்கும். இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' முகப்பிசை எந்தப் படத்திலிருந்து எடுத்தது? 'இரவின் மடியில்' அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் குரலில் கேட்ட ஞாபகம், சரிதானா? 'இசையும் கதையும்' எந்தக் கிழமை? சேலம் கடைவீதியிலோ நாமக்கல் டீக்கடையிலோ அறுபதைக் கடந்த நான்கு பேர் உட்கார்ந்தால் இதில் ஒன்றுக்காவது வாக்குவாதம் உறுதி. ஒருவர் சத்தியம் செய்வார், இன்னொருவர் "நீ அப்ப டவுசர் போட்ட பையன், உனக்கென்ன தெரியும்" என்பார். தீர்ப்புச் சொல்ல ஒலிநாடா கிடையாது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை இவ்வளவு நீளாது. அங்கே 1930களிலிருந்தே பல நிகழ்ச்சிகள் பெரிய இசைத்தட்டுகளில் பதிவாகி வந்தன. சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்', 'யுவர்ஸ் ட்ரூலி ஜானி டாலர்' ஆகிய இரண்டும் 1962 செப்டம்பர் 30 அன்று கடைசியாக ஒலித்தன. வானொலி நாடக யுகம் அன்றோடு முடிந்ததாக அந்நாட்டு ரசிகர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பதிவைப் போட்டுக் கேட்டுவிடலாம். நம் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நேரடியாகக் காற்றில் கலந்தவை. பதிவான நாடாவையும் அழித்து அடுத்ததை ஏற்றிவிடுவார்கள், நாடாவின் விலை அப்படி. ஆகவே தமிழ் வானொலியின் ஆவணக்காப்பகம் பெருமளவுக்கு நேயர்களின் தலைக்குள்தான் இருக்கிறது.

இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களே அதிகம் பேசியிருக்கிறார்கள். சோ. சிவபாதசுந்தரத்தின் 'ஒலிபரப்புக் கலை' இன்றும் படிக்கத் தகுந்த நூல். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் அவர்தான். பி.எச். அப்துல் ஹமீதின் நினைவுநூலான 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' ஒரு தலைமுறை அறிவிப்பாளர்களின் உள்கதையைத் தருகிறது. இந்தி, உருது ஒலிபரப்பைப் பற்றி இசபெல் உவாகுஹா அலோன்சோ 2023இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு, கேட்டவர்களையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. தமிழ்ப் பக்கம் வந்தால் அறிவிப்பாளர் புகழ்மாலைக்குக் குறைவில்லை. கேட்டவர் யார், எந்த வேலைக்கு நடுவே கேட்டார், பெட்டி யாருடையது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழவே இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் கிடைக்கக்கூடிய வரலாறு வேறு மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில், கொழும்பு வானொலி சேலத்துக்கு எப்படி வந்தது? கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படையினருக்காக 'ரேடியோ சியாக்' அங்கிருந்து இயங்கியது. அதற்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, படைகள் கலைந்த பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் அது 'ரேடியோ சிலோன்'. 1950இல் வர்த்தக சேவை. அந்தத் தீவின் அளவுக்கு மிஞ்சிய சக்தி அந்தக் கருவிக்கு. சேலத்துக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர்தான். சிற்றலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும்போது சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் குறுக்கே நிற்க முடியாது. அலை ஏறி இறங்கும், நடுவில் இரைச்சல் வரும், ஆனாலும் காலையில் தெளிவாகக் கேட்கும்.

கருவி மட்டும் போதாது, இந்தியாவும் ஒத்துழைத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கடிவாளம் போட்டார். பாட்டுப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்வதில்லை என்ற ஏற்பாடு தயாரிப்பாளர்களை முறுக்கிக்கொள்ள வைத்தது. கொழும்பு அதே பாட்டைப் போட்டு, படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொன்னது. டெல்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கியபோது ஒரு தலைமுறையின் காது ஏற்கெனவே கடல் தாண்டியிருந்தது. இன்றைய கிழவர்கள் ஒரு பாட்டின் முதல் இரண்டு விநாடியில் 'மருதகாசி எழுதினது' என்று சொல்வதைப் பார்த்து வியப்பவர்கள் இந்தப் பின்னணியை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த அறிவு பள்ளியில் வந்ததில்லை, கொழும்பு அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனமும் அவருக்குப் பின் வந்தவர்களும் பாட்டுக்குப் பாட்டு ஓதி ஓதிப் பதிய வைத்தது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் உரிமை உண்டு. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. அதன் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவற்றின் பாட்டுகள் சேலத்தில் பிறந்த படங்களுக்காக உருவாகி, இசைத்தட்டாகக் கொழும்புக்குக் கப்பலேறி, அங்கிருந்து வானேறிச் சேலத்துக்கே திரும்பின. 1960களில் அந்த நிறுவனத்துக்கு இசையமைத்த வேதாவைப் பற்றிய கேள்விகள் ரசிகர்களிடம் தீராத சரக்கு. 'வல்லவனுக்கு வல்லவன்', 'இரு வல்லவர்கள்' படங்களின் இந்த மெட்டு எந்த இந்திப் பாட்டு? பதில் தெரிந்தவர்களில் பலர் இந்திப் படம் பார்த்தவர்கள் இல்லை. அதே கொழும்பிலிருந்து புதன்கிழமை இரவு ஒலித்த, அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா'வைக் கேட்டவர்கள். மொழி புரியாவிட்டால் என்ன, மெட்டு பிடிபட்டுவிடும்.

இனி, பெட்டி எங்கே இருந்தது என்பதற்கு வருவோம். நடுத்தர வீட்டின் கூடத்தில், துணி உறை போட்ட மர்பி அல்லது பிலிப்ஸ் பெட்டி, சுற்றிலும் குடும்பம். வானொலி நினைவு எழுதுகிறவர்கள் தரும் படம் இதுதான். இந்தச் சமவெளியில் அந்தப் படம் பாதி உண்மை. இங்கே ரேடியோ பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்தில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்குக் கண்ணி கோப்பவர்களுக்குக் கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொள்ளும், காது மட்டும் சும்மா இருக்கும். இளம்பிள்ளையிலும் ஆட்டையாம்பட்டியிலும் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவருக்கும் அதே நிலைதான். பட்டறைக்காரர் வாங்கி வைத்த பெட்டியில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை முதலாளி தீர்மானித்தாரா, நெய்பவர்கள் தீர்மானித்தார்களா? செய்திக்கு முள்ளை மாற்றினால் முணுமுணுத்தவர்கள் யார்? நிகழ்ச்சிகளின் நேரமே வேலையின் நேரமாகவும் ஆனது. டெல்லியிலிருந்து ஏழே காலுக்குச் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும்போது தறியில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிறந்தநாள் வாழ்த்து வந்தால் சாப்பாட்டு வேளை நெருங்குகிறது என்பது போல. கடிகாரம் இல்லாத பட்டறையில் அறிவிப்பாளர் குரல் மணியடித்தது.

கைத்தறியின் ஓசைக்கு நடுவே பாட்டுக் கேட்கலாம். விசைத்தறி வந்த பின் அது நடக்கவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று பார்த்தவருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கையைக் காட்ட வேண்டியிருக்கும். வானொலி கேட்கும் பழக்கம் தொலைக்காட்சியால் செத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த ஊர்களில் தொலைக்காட்சிக்கு முன்பே பாதி வேலையைத் தறிச் சத்தம் முடித்துவிட்டது என்பேன்.

பெட்டி இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பூங்காவில் ஒரு சிறு அறை, மேலே குழாய் ஒலிபெருக்கி, மாலையில் திறந்துவிடும் ஆள். அதில் அரசு வானொலிதான் பாடும். இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ரசிகர்களின் ஏக்கமெல்லாம் சிலோனைச் சுற்றியே இருப்பதால் திருச்சி வானொலிக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. 1939 மே 16 முதல் ஒலிக்கும் நிலையம் அது. நாமக்கல் வயல்களில் துல்லியமாகக் கேட்டதும் அதுதான். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி நிலையம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பரப்ப, டெல்டா உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். 1966இல் கோவை நிலையமும் சேர்ந்தபோது இந்தச் சமவெளி இரண்டுக்கும் நடுவில் வந்தது. மோட்டார் ரூமில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டு 'வீடும் வயலும்' கேட்டவர் இன்று நினைவுகளைப் பகிரச் சொன்னால் அதை விட்டுவிட்டுக் கொழும்பு அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவைத்தான் சொல்வார். உரம் போட்ட கணக்கை யார் ஏக்கத்தோடு நினைக்கப் போகிறார்கள்! ஆனால் வரலாறு எழுதுபவர் அதையும் கேட்டு வாங்க வேண்டும். அரசு வானொலியைப் பற்றிய ரசிகர் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பரவலாக ஏற்கப்பட்ட பதில் உண்டு: நிலையம் திறக்கும்போது வரும் அந்த இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன், நாஜிகளுக்குத் தப்பிப் பம்பாய்க்கு வந்த யூத இசையறிஞர்.

வானொலி தந்த இன்னொரு சுகம் தன் பெயரைக் கேட்பது. அஞ்சலட்டையில் விருப்பப் பாடல் எழுதிப் போட்டு, "இராசிபுரத்திலிருந்து" என்று தொடங்கும் வாக்கியத்துக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். வடக்கே ஜும்ரி தலையா என்ற அபிரகச் சுரங்க ஊர், விருப்பக் கடிதங்களாலேயே நாடு முழுக்கப் பெயர் பெற்றது. சுரங்கமும் பட்டறையும் நிறைந்த ஊர்களுக்கு இந்த ஆசை ஏன் இப்படிப் பிடிக்கிறது என்பது சமூகவியலாளர் யோசிக்க வேண்டியது. இங்கே அது நேயர் மன்றமாக வளர்ந்தது. பெய்ஜிங்கிலிருந்து 1963 ஆகஸ்டு 1 அன்று தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழ்நாடெங்கும் மன்றங்கள் இருந்தன. கலைமகள் என்ற தமிழ்ப் பெயர் பூண்ட சீனப் பெண் அறிவிப்பாளர், தங்கள் கடிதத்தை வாசித்ததைச் சொல்லும்போது இந்த நேயர்களின் முகம் மாறும். இரவு ஒன்பதே காலுக்குத் தமிழோசை கேட்டவர்கள் தனிச் சாதி, கொஞ்சம் கர்வம் பிடித்தவர்கள். 1941இல் தொடங்கிய அந்தச் சேவையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது.

இலங்கையில் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு கொழும்பின் குரல்கள் சிதறின. சிலர் நாடு விட்டுப் போனார்கள். கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு'டன் சன் தொலைக்காட்சிக்கு வந்தபோது, முகத்தைப் பார்த்ததும் "இவர்தானா அவர்" என்று கேட்காத வீடு குறைவு. நினைவுகளைப் பகிரும் நம்மூர் நேயர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தாம் விரும்பிய குரல்களுக்கு அந்த மண்ணில் என்ன நேர்ந்தது என்பதை விட்டுவிட்டு, முகப்பிசையை மட்டும் சரிபார்ப்பது எனக்கு உறுத்துகிறது.

செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. 1980களில் நேயர்கள் பெட்டியின் அருகே டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்த கேசட்டுகள் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றில் பாட்டுக்கு நடுவே குக்கர் சத்தமும் அம்மா கூப்பிடுவதும் பதிவாகியிருக்கும். அவற்றை அழுக்கு என்று நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் சுத்தம் செய்து வைக்கிறவர்கள் பெட்டி இருந்த வீட்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். கடிதங்களின் முகவரிகளும் உதவும். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்தன என்பதால், தேதி இல்லாத அட்டையில் மாவட்டத்தின் பெயரை வைத்தே காலத்தைக் குறுக்கலாம். இவற்றையெல்லாம்விட மதிப்புள்ளது வானொலி உரிமப் புத்தகம். ரேடியோ வைத்திருந்தவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி முத்திரை வாங்க வேண்டிய காலம் 1980கள் வரை இருந்தது. யார் பெயரில், எந்த ஊரில், எந்த ஆண்டில் பெட்டி வந்தது என்பது அதில் அச்சும் மையுமாக இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவதும் அந்தப் புத்தகம்தான்.