பைத்தான் தொகுப்புகள்: பழைய முறையும் புதிய முறையும் – ஒரு மதிப்பீடு

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. கணக்கிட ஒருவர் எழுதிய நிரல், படம் வரைய மற்றொருவர் எழுதிய நிரல் என்று, பிறர் ஆக்கி வைத்தவற்றை எடுத்துச் சேர்த்துக் கொள்கிறார்கள். இவ்வாறு பிறர் பயன்பாட்டுக்கென அமைத்துத் தரப்படும் நிரல்களைத் 'தொகுப்புகள்' என்கிறோம். ஒரு தொகுப்புக்குத் தேவைப்படும் மற்றத் தொகுப்புகள் அதன் 'சார்புகள்'. மூல நிரலைப் பயன்படுத்தத்தக்க வடிவில் ஆக்கித் தருவது 'கட்டுமானக் கருவி'.

பைத்தான் மொழியில் இக்கருவி கடந்த கால் நூற்றாண்டில் அடியோடு மாறிவிட்டது. இம்மாற்றத்தின் நிறை என்ன, குறை என்ன என்பதைச் சற்று ஆராய்வோம்.

பூட்டிய பெட்டிக்குள் சாவி

2000-ஆம் ஆண்டில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் கருவி பைத்தானுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. 2004-இல் அதன்மேல் 'செட்டப்டூல்ஸ்' எழுந்தது. இரண்டுக்கும் 'செட்டப்.பை' என்ற கோப்பே தலைவாசல். இக்கோப்பு வெறும் பட்டியல் அன்று. அதுவும் ஒரு நிரலே. அதை இயக்கினால்தான் தொகுப்பின் சார்புகள் எவை என்பது தெரியவரும்.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் வினவலாம். ஓர் அறிவியல் தொகுப்பின் செட்டப்.பை கோப்பு, தன் முதல் வரியிலேயே 'நம்பை' என்னும் கணிதத் தொகுப்பை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணிப்பொறியில் நம்பை இல்லை. ஆகவே கோப்பு இயங்காது. இயங்காத காரணத்தால், நம்பை தேவை என்பதை நிறுவும் கருவி அறியவும் வழியில்லை. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது!

பாராட்டத்தக்கவை

இச்சிக்கலுக்கு 2016-இல் ஒரு தீர்வு வகுக்கப்பட்டது. 'பைபுராஜெக்ட்.டாமில்' என்னும் கோப்பில், கட்டுமானத்துக்கு வேண்டியவற்றை வெறும் பட்டியலாக எழுதிவிட வேண்டும். தொகுப்புகளை நிறுவும் 'பிப்' என்ற கருவி, எந்த நிரலையும் இயக்காமலே அப்பட்டியலைப் படிக்கும். தனியாக ஒரு தற்காலிக இடம் அமைத்து, வேண்டிய கருவிகளை அங்கே இறக்கி, அதற்குள் கட்டுமானத்தை நடத்தும். 2018-இல் வெளிவந்த பிப் 10-ஆம் பதிப்பு இதைச் செய்யத் தொடங்கியது. சாவி பெட்டிக்கு வெளியே வந்துவிட்டது.

பழையவற்றையும் உடனே கைவிட்டுவிடவில்லை. பட்டியல் கோப்பு இல்லாத தொகுப்பைக் கண்டால், அது செட்டப்டூல்ஸ் முறையில் அமைந்தது என்றே பிப் கருதிக் கொள்ளும். 'சைப்பை' என்னும் அறிவியல் தொகுப்பு 2022-இல் 'மீசன்' என்ற புதிய கருவிக்கு மாறியபோதும், பழைய வழியைச் சிறிது காலம் திறந்தே வைத்திருந்தது. இத்தகைய நிதானம் போற்றத்தக்கது.

குறைகள் எங்கே?

முதற்குறை பட்டியலை எழுதும் முறையில் உள்ளது. பலர் 'செட்டப்டூல்ஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டு, எந்தப் பதிப்பு என்பதைக் குறிப்பதில்லை. ஆகவே, நிறுவும் நாளில் எது புதியதோ அதுவே வந்து இறங்கும். 2025 மார்ச்சில் செட்டப்டூல்ஸ் 78-ஆம் பதிப்பு வெளிவந்தது. பழைய அமைப்புக் கோப்புகளில், பெயர்ச் சொற்களின் நடுவே அடிக்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு இடும் வழக்கம் இருந்தது. அதை இப்பதிப்பு ஏற்க மறுத்தது. ஆண்டுக்கணக்கில் ஓர் எழுத்தும் மாறாத தொகுப்புகளை அன்று மூல நிரலிலிருந்து கட்ட இயலாமற் போயிற்று. முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டவை மட்டும் தப்பின. உங்கள் கணிப்பொறியில் பழைய செட்டப்டூல்ஸ் இருந்திருந்தாலும் பயனில்லை; அந்தத் தற்காலிக இடத்துக்குள் புதியதே வரும். எதிர்ப்பு எழவே, அடுத்து வந்த திருத்தப் பதிப்பில் இத்தடை ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. இவ்வழக்கம் நீக்கப்படும் என்று கருவி முன்னரே எச்சரித்து வந்தது உண்மை. ஆனால் அவ்வெச்சரிக்கை யார் கண்ணில் பட்டது? கட்டுமானம் வெற்றியாக முடிந்தால், அதன் இடைச்செய்திகளைப் பிப் காட்டுவதில்லை. தொகுப்பை எழுதியவரோ அதை விட்டு என்றோ போயிருப்பார். தவறு ஒருவருடையது, எச்சரிக்கை எவருக்கும் எட்டாதது, இழப்போ அதை நிறுவ வந்த மாணவருக்கு! நீக்கும் நாளைக் குறிக்கும்போது, கருவியைப் பேணுவோரின் வசதியை மட்டும் பார்ப்பது போதாது. கடைசிப் பயனாளியின் நிலையையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

அப்படியானால் எல்லாவற்றையும் பழைய பதிப்பிலேயே நிறுத்திவிடலாமா? அதுவும் தீர்வன்று. 2021-இல் பைத்தான் 3.10 பதிப்பு, டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்படும் என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பழைய செட்டப்டூல்ஸ் பதிப்புகள் பல 3.12-இல் இயங்குவதே இல்லை. இன்று போட்ட பூட்டு நாளை நம்மையே வெளியே நிறுத்திவிடும்.

மாணவர்கள் கொள்ள வேண்டியவை

நீங்கள் ஒரு தொகுப்பைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்ற நேர்ந்தால், கருவியையும் சார்புகளின் பதிப்புகளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், பழுது எதனால் வந்தது என்று கண்டறிய முடியாது. முதலில் சார்புகளை அப்படியே வைத்து, கருவியை மட்டும் மாற்றுங்கள். பழைய வழியிலும் புதிய வழியிலும் கட்டி, விளைந்த கோப்புகள் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பின்பு, எதுவும் நிறுவப்படாத வேறொரு கணிப்பொறியில் நிறுவிப் பாருங்கள். உங்கள் கணிப்பொறியில் ஏற்கெனவே இருப்பதால் பட்டியலில் எழுத மறந்த சார்பு, அங்கேதான் தன்னைக் காட்டிக் கொள்ளும்.

புதிய முறை பழையதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. பழைய பாலத்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததா என்று பார்த்துவிட்டு அதை இடிக்கும் பொறுமைதான் அதற்கு இன்னும் வேண்டும்.