உறை ஊற்றியது யார்?

குறுந்தொகை 167ஐ இல்லற இன்பத்துக்குச் சான்றாகவே வகுப்பில் நடத்திவந்தேன். தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியில் துடைத்து, மையிட்ட கண்ணில் தாளிப்புப் புகை ஏறப் புளிக்குழம்பு வைக்கிறாள் தலைவி. இனிதென்று உண்கிறான் கணவன். அவள் முகம் மெல்ல மலர்கிறது. கண்டுவந்து சொல்பவள் செவிலி, கேட்பவள் தாய். சமைத்தவள் பேசவேயில்லை.

ஆனால் கூடலூர் கிழார் அதை நன்றாக உறைந்த தயிர் என்கிறார். அப்படியானால் முன்பே உறை ஊற்றியிருக்க வேண்டுமே! நாளைய சோற்றை இன்றே நினைக்கும் அந்த வேலையை நானும் பாடமாகச் சொன்னதில்லை. முதுநகரில் எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி மீன் கிடையாது. ஞாயிறு அரைத்த மாவு புதன் இரவுவரை வரவேண்டும். சிதம்பரம் பேருந்தில் நின்றபடி நான் போடும் கணக்கு இது. "ராத்திரிக்கு என்ன?" என்று கேட்பவருக்குக் குழம்பு தெரியும், கணக்கு தெரியாது.

போன பருவத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "மறுநாள் என்ன சமைச்சா, அம்மா?"