சிப்பாய் எழுதியதும் இலக்கியம்தான்

இலங்கை முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றை எழுதும்போது நாம் புலவர்களையும் ஆலிம்களையும் தேடிப் போகிறோம், சிப்பாய்களைத் தேடுவதில்லை. நான் சிறப்புத் தமிழ் படித்த காலத்தில் அறபுத் தமிழ் பற்றி நிறையக் கேட்டேன். மலாய்ப் படைவீரர் எழுதி வைத்தவை பற்றி ஒரு விரிவுரைகூட இருக்கவில்லை. அந்தக் கதவை எனக்குத் திறந்தது பி. ஏ. ஹுஸைன்மியாவின் 'ஒராங் ரெஜிமென்' (1990).

ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்து, பிறகு ஆங்கிலேயரின் கீழ் சேவித்த இவர்களை நம்மூரில் 'ஜாவா மனுசர்' என்போம். 1827 முதல் இலங்கை ரைபிள் படை என்று அழைக்கப்பட்ட அவர்களது ரெஜிமென்ட் 1873 இல் கலைக்கப்பட்டது. பலர் பொலிஸுக்குப் போனார்கள். சிலர் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

ஹுஸைன்மியா அரசாங்கக் கோவைகளோடு நின்றுவிடவில்லை. 1970களில் மலாய்க் குடும்பங்களைத் தேடிப் போய், அவர்கள் பெட்டிகளில் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டினார். அவை அறபு எழுத்தில் எழுதிய மலாய், 'குண்டுல்' என்பார்கள். நூலின் பெரிய பலம் இதுதான்.

ஏன் என்று இரண்டு கதைகளை வைத்துப் பார்க்கலாம். 1803 இல் கண்டியில் சிறைப்பட்ட கேப்டன் நூருத்தீன், அரசனிடம் சேவிக்க மறுத்துக் கொல்லப்பட்டார். அவரை நாம் ஆங்கிலேயர் எழுதியதை வைத்தே அறிகிறோம். அங்கே அவர் விசுவாசமான வீரர், வேறொன்றும் இல்லை. மறுபக்கம் பாபா யூனுஸ் சல்தீன். 1869 இல் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தியவர். சுமெனெப்பிலிருந்து சிப்பாயாக வந்த தன் பாட்டனாரின் கதையை 1905 இல் தன் 'ஷஇர் ஃபைளுல் அபாத்' என்ற நெடும்பாட்டில் சொன்னார். இதில் சிப்பாய்க்கு ஊர் இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது.

ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம். சிப்பாய்களை நினைத்தால் வீரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கியதும் இதே ரைபிள் படைதான். மடுல்கெல்லயிலிருந்து மாத்தளை தூரமில்லை. புரன் அப்புவை வீரனாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் நானும் படிப்பிக்கிறேன். இதைச் சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று சிலர் தயங்கலாம். அந்தத் தயக்கம் காகிதத்தையும் அழித்துவிடும். சம்பளத்துக்காக அந்நியனின் துவக்கைத் தூக்கியவனும் இரவில் கிதாபு பிரதி பண்ணியவனும் ஒரே ஆளாக இருக்கலாம். அவனை முழுசாகக் காட்டக்கூடியது அவனுடைய எழுத்துத்தான்.

அமெரிக்கக் காங்கிரஸ் 2000 ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, படைவீரரின் கடிதங்கள், நாட்குறிப்புகள், வாய்மொழிக் கதைகளைத் தங்கள் தேசிய நூலகத்தில் சேர்க்கத் தொடங்கியது. ஒரு பேட்டி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது விதி. வியட்நாம் போன்ற கசப்பான யுத்தத்துக்குப் போனவர்களுக்கும் அதில் இடமுண்டு. நமது மலாய்ப் பிரதிகளில் ஒரு பகுதியை பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் ரோனித் ரிச்சி படம் பிடித்து வைத்தார். பெரிய காரியம். ஆனாலும் படத்தில் பக்கம் மட்டுமே இருக்கும். ஓரத்தில் பிறப்பு, மௌத்து என்று குறித்திருப்பது யாருடையது, அந்தக் கிதாபு எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஹுஸைன்மியா விட்ட இடத்திலிருந்து நாம் செய்ய வேண்டிய வேலை அது.

இதற்குக் கலாநிதிப் பட்டம் தேவையில்லை. உங்கள் ஊரில் மலாய்க் குடும்பம் இருந்தால் போய்ப் பேசுங்கள். அனுமதி கேட்டு போனில் படம் எடுங்கள், குரலைப் பதியுங்கள். மூலப் பிரதியை அந்த வீட்டிலேயே விட்டுவிடுங்கள்; பாதுகாக்கிறோம் என்று லெமினேட் மட்டும் பண்ணவேண்டாம், அது பழைய காகிதத்தைக் கெடுத்துவிடும். பேசியவரின் பெயர், திகதி, ஊர் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.