தாமதமும் வாக்குத்தத்தமும்: இரண்டாம் வருகை பற்றிய ஐயமும் யாழ்ப்பாணச் சூழலும்

கிறித்தவ வேதாகமத்தில் ஐயவாதிக்குப் பேச இடங்கொடுக்கப்பட்ட பகுதிகளுள் பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் குறிப்பிடத்தக்கது. கிறிஸ்து மீண்டும் வருவார் என்ற வாக்குத்தத்தம் என்னவாயிற்று, முன்னோர் மறைந்த பின்னரும் உலகம் பழையபடியேதான் இயங்குகின்றது என்பது அங்கு எழுப்பப்படும் வினா. நிருபகாரர் வினவுவோரைப் பரியாசக்காரர் எனக் கடிந்துகொள்கின்றார். எனினும் அவர்தம் வாதத்தை அவர் மறைக்கவில்லை. அதன் கூர்மை குன்றாமலே எடுத்துரைத்துப் பின்னரே விடை கூறுகின்றார். அவ்விடை எத்தகையது, எவ்வளவு தூரம் நிற்கவல்லது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமய வரலாற்றோடு இணைத்து நோக்குவது பயனுடைத்து.

முதலில் நூலின் காலம் பற்றிய ஒரு குறிப்பு அவசியமாகின்றது. இந்நிருபம் பேதுருவின் பெயரால் வழங்கினும், அவர் காலத்துக்குப் பிற்பட்டது என்பதே இன்றைய விவிலிய ஆய்வாளர் பலரின் கருத்து. முன்னோர் மறைந்துவிட்டனர் என்னும் கூற்று முதற் கிறித்தவ தலைமுறையின் மறைவையே சுட்டுகின்றது என அவர் கொள்வர். இது பொருந்துமாயின் ஐயத்தின் தன்மையும் தெளிவாகின்றது. மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், அந்தத் தலைமுறை ஒழிந்துபோகுமுன் அனைத்தும் நிகழும் என்ற கூற்றும், அந்நாளைக் குமாரனும் அறியார் என்ற கூற்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதை நம்பிக் காத்திருந்தோர் இறந்தனர். எஞ்சியோர் கேட்ட கேள்வியை வெறும் பரியாசம் எனத் தள்ளிவிடுதல் எளிதன்று.

நிருபம் கூறும் விடையில் நான்கு கூறுகள் உள. உலகம் என்றும் மாறாதிருந்தது என்பது பிழை, ஒருமுறை அது வெள்ளத்தால் அழிந்தது என்பது முதலாவது. ஆண்டவர் முன்னிலையில் ஒருநாள் ஆயிரம் ஆண்டு போன்றது, ஆயிரம் ஆண்டு ஒருநாள் போன்றது என்பது இரண்டாவது. தாமதமெனத் தோன்றுவது எவரும் கெட்டுப்போகலாகாது என்ற பொறுமையே என்பது மூன்றாவது. இவையெல்லாம் அழியுமாயின் மனிதர் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்று கேட்டவரையே திருப்பிக் கேட்பது நான்காவது. பிற்கால விளக்கவுரைகளிலும் பிரசங்கங்களிலும் மிகுதியாக எடுத்தாளப்பட்டது இரண்டாவதாகும். ஆனால் நான்கனுள்ளும் தனித்து நிற்கும் ஆற்றல் குறைந்ததும் அதுவே.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து நிகழ்ச்சியொன்று உதவுகின்றது. 1816இல் குடாநாட்டிற் பணிதொடங்கிய அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அதன் அதிபராக விளங்கிய டானியல் பூவர் மேனாட்டு வானியலைக் கற்பித்தார். 1829 மார்ச் 20ஆந் திகதி நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கணித்ததற்கும் பூவர் கணித்ததற்கும் இடையே வேறுபாடு காணப்பட்டது. கிரகணம் பூவரின் கணிப்புக்கு இணங்க நிகழ்ந்தமை மிசனரிமார்க்குப் பெருவெற்றியாயிற்று. பஞ்சாங்கம் பிழைத்தமையைக் கொண்டு அதனோடு பிணைந்த புராணக் கொள்கையையும் அவர் ஐயத்துக்குள்ளாக்கினர். செமினரியிற் கற்பித்த ஹொய்சிங்டன் பின்னர் இந்திய வானியல் பற்றி 1848இல் ஒரு நூலை வெளியிட்டதும், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் இப்பின்னணியில் மனங்கொள்ளத்தக்கன.

இந்நிகழ்ச்சியில் ஓர் அளவுகோல் முன்வைக்கப்பட்டது. முன்னுரைப்பு ஒன்று மெய்யாயின் குறித்த வேளையிற் கண்ணுக்குப் புலப்படல் வேண்டும். புலப்படாவிடின் அதனைக் கூறிய நூல் ஐயத்துக்குரியது. சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்துக்கு இவ்வளவுகோல் பொருந்துமாயின், வருகையைக் கூறிய நூலுக்கு அது ஏன் பொருந்தாது என்ற வினா தவிர்க்க முடியாததாகின்றது. ஆயிரம் ஆண்டு ஒருநாள் போன்றது என்பது மட்டுமே விடையாயின், பிழைத்த எந்தப் பஞ்சாங்கத்தையும் அதே விடை காப்பாற்றிவிடும். எல்லாவற்றையும் காக்கும் விடை எதனையும் காப்பதில்லை.

அமெரிக்க மிசனரிமாரிடத்தே கணக்கிடும் மனப்பாங்கு இருந்தமையும் கருதத்தக்கது. நற்செய்தி உலகெங்கும் பரவுவதால் ஆயிரவருட அரசாட்சி மலரும், அதன் பின்னரே கிறிஸ்து வருவார் என்ற நம்பிக்கை 1810இல் அமெரிக்க மிசன் சங்கத்தைத் தோற்றுவித்த புதிய இங்கிலாந்துச் சபையாரிடையே வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத்தை மிசன் பணிக்கு ஏற்ற இடமாகப் பரிந்துரைத்த சாமுவேல் நியுவெல், கோர்டன் ஹோலுடன் இணைந்து 1818இல் வெளியிட்ட நூலில், உலகில் நற்செய்தி கேளாத 60 கோடி மக்களைக் கருத்திற் கொண்டு, அவர்களுக்குத் தேவையான போதகர் தொகையைக் கணக்கிட முயன்றார். உலகம் விரைவில் மனந்திரும்பும் என்ற அவ்வெதிர்பார்ப்புக்கு யாழ்ப்பாணம் உரிய விடையை அளிக்கவில்லை. செமினரியிற் பயின்றோர் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் விரும்பி ஏற்றனர். ஞானஸ்நானத்தை அவ்வாறு ஏற்றிலர். 1855இல் ருபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் முடிவினால் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலோ வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 ஒக்டோபர் 22ஆந் திகதியை வருகையின் நாளாகக் கொண்டு காத்திருந்து ஏமாந்தனர். மில்லர் வழியினர் நாளைக் குறித்தனர். மிசனரிமார் நாளைக் குறியாது வேலைத்திட்டத்தைக் குறித்தனர். தாமதம் இருசாராரையும் தொட்டது.

சைவச் சூழலில் இவ்வாதம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதும் சிந்தித்தற்குரியது. ஆயிரம் சதுர்யுகம் பிரமனுக்கு ஒரு பகல், கலியுகம் 4,32,000 ஆண்டு என்னும் கணக்குகளைப் பஞ்சாங்கத்தில் ஆண்டுதோறும் வாசித்துப் பழகியவர்க்குத் தெய்வத்தின் நாள் நெடிது என்பது புதுமையன்று. ஆயின் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பிரமனின் பகல் ஒரு விகிதம்; அதனைப் பெருக்கிக் காலத்தைக் கணிக்கலாம். நிருபத்தின் கூற்றோ இரு பாதிகளை உடையது. ஒருநாளை ஆயிரம் ஆண்டாக விரித்த வாக்கு, உடனே ஆயிரம் ஆண்டை ஒருநாளாகச் சுருக்குகின்றது. இரண்டாவது பாதி முதலாவதை வாய்பாடாகக் கொள்ளவிடாது தடுக்கின்றது. இதனைக் கவனியாதோர் படைப்பின் ஆறு நாளை ஆறாயிரம் ஆண்டாக்கி, பேராயர் அஷர் கணித்த கி.மு. 4004இலிருந்து எண்ணிப் பார்த்தனர். அவ்வெல்லையும் 1990களோடு கடந்துவிட்டது. கணக்கைக் கைவிடுமாறு எழுதப்பட்ட வசனம் கணக்குக்கு ஆதாரமாக்கப்பட்டமை வாசிப்பின் பிழையேயன்றி வசனத்தின் பிழையன்று.

ஒடுக்கம் பற்றிய கொள்கையிலும் இரு மரபுகளும் வேறுபடுகின்றன. சைவசித்தாந்தத்தில் உலகை ஒடுக்குபவனே மீளவும் தோற்றுவிக்கின்றான். ஒடுக்கம் மலத்தாற் கட்டுண்ட உயிர்களுக்கு இளைப்பாற்றலும் ஆகும். அங்கே தாமதம் ஒரு சிக்கலாவதில்லை, ஏனெனிற் பிறவி இன்னும் உண்டு. கிறித்தவத்தில் வாழ்வு ஒன்று, முடிவும் ஒன்று. யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் தனித்தீர்வை, பொதுத்தீர்வை எனப் பிரித்து வழங்குவதும் இதுபற்றியே. முடிவு ஒன்றேயாகையால் அதன் தாமதம் கடவுளின் நேர்மை பற்றிய வினாவாகிவிடுகின்றது. நிருபத்தின் மூன்றாவது விடை இங்கேதான் பொருள் பெறுகின்றது. வருகை தீர்ப்பு ஆகுமாயின், அது பிந்துதல் திருந்துவதற்கான அவகாசம். ஒரே பிறவியை ஒப்பும் சமயம் அவகாசத்தைக் காலத்தின் நீட்சியில் வைப்பது இயல்பு.

ஆயினும் இவ்விடைக்கும் எல்லை உண்டு. தவறு செய்தவனுக்கு அவகாசமாக அமையும் காலம் அவனாற் பாதிக்கப்பட்டவனுக்கு வேதனையின் நீட்சியாக அமைகின்றது. 1995 ஜுலை 9ஆந் திகதி நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரங்களில் நிழற்படங்களோடு காத்திருந்தனர். பேதுருவின் பெயர் தாங்கிய ஆலயத்தின் முன்னால் நின்று, அவர் பெயரால் எழுந்த நிருபத்தின் வினாவை ஒரு தாய் கேட்பாளாயின், அவளைப் பரியாசக்காரி என அழைக்க எவருக்கும் வாய் வராது.

இவ்விடத்து வேதாகமத்தின் மற்றொரு பகுதி துணைபுரிகின்றது. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் கொலையுண்டோரின் ஆன்மாக்கள் நீதி எந்தக்காலம்வரை பிந்தும் என முறையிடுகின்றன. வினா ஏறத்தாழ ஒன்றே, கேட்போர் வேறு. அங்கே அவர்கள் கண்டிக்கப்படவில்லை. வெள்ளையங்கி அளிக்கப்பட்டு இன்னுஞ் சிறிது காலம் பொறுக்குமாறு கூறப்படுகின்றனர். ஆகவே வேதாகமம் ஐயத்தை இருவகையாக உணர்ந்துள்ளது எனலாம். தீர்ப்பு வாராது என்பதிற் சுகம் காண்பவரின் ஐயம் ஒன்று. தீர்ப்பு வாராதோ எனத் துடிப்பவரின் ஐயம் மற்றொன்று. வருகை பற்றிய துண்டுப்பிரசுரங்களும் பிரசங்கங்களும் பெரும்பாலும் முதலாவதற்கே விடை தேடுகின்றன. போர்களையும் பூமியதிர்ச்சிகளையும் அடையாளங்களாக அடுக்கி நாள் நெருங்கிவிட்டது என நிறுவ முயல்வன, இரண்டாவது வகையினரின் துயரையே தம் சான்றுகளுள் ஒன்றாக்கிவிடுகின்றன. இது விடையாகாதது மட்டுமன்று, அறமாகாததும் ஆகும்.

எஞ்சுவது நான்காவது விடை. இவையெல்லாம் ஒழியுமாயின் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்ற வினாவில் காலக்கணக்கு இல்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட நிருபங்களிலும் இந்நோக்கே காணப்படுகின்றது. ஒழுங்கற்றுத் தொழிலின்றித் திரிந்தோர் அங்கு உழைத்து உண்ணுமாறு பணிக்கப்படுகின்றனர். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்துத் தீர்ப்புக் காட்சியில், வருகையின் நாளைச் சரியாகக் கணித்தவர் எவர் என்று அரசர் வினவுவதில்லை. பசித்தோர்க்கு உணவளித்தவரும் சிறையிலிருந்தோரைச் சென்று பார்த்தவரும் யார் என்பதே அங்கு எழும் வினா.

இவ்விடையும் ஐயத்தை முற்றாகத் தீர்த்துவிடும் எனல் மிகையாகும். வாக்குத்தத்தம் நிறைவேறுமா என்ற வினா, நிறைவேறும் வரையில் வினாவாகவே இருக்கும். அதனை மறுக்கும் விளக்கவுரை நிருபத்தைவிடத் தன்னம்பிக்கை மிக்கது. ஆனால் 1829இன் அளவுகோலை நேர்மையோடு ஏற்கும் ஒருவர்க்கும் இவ்விடை மறைவிடமாவதில்லை. கிரகணத்தைக் கண்டு பஞ்சாங்கத்தைச் சோதித்தது போல, காத்திருப்போரின் வாழ்க்கையைக் கண்டு அவர்தம் நம்பிக்கையைச் சோதிக்குமாறு அது உலகை அழைக்கின்றது. அச்சோதனைக்கு நாட்குறிப்பு வேண்டுவதில்லை. அது நவாலியிலும் நடைபெறலாம். நிழற்படத்தோடு நிற்கும் தாயின் அருகில் எவர் சென்று நின்றனர் என்பதைக் கொண்டும் நடைபெறலாம்.