கோலூன்றும் இளமை

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் அவர் கையாண்ட தொடரொன்றே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கலாயிற்று. பூண் கட்டிய தலையையுடைய பெரிய ஊன்றுகோல் என்பது அத்தொடரின் பொருள். ஆற்றங்கரையிலே மணற்பாவை செய்து மகளிரோடு ஆடியதையும், மருதமரக் கிளையிலேறி மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் நினைந்து, இப்போது கோலூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவரின் இரங்கல் அப்பாடல். குதிப்பது இளமை, கோலூன்றுவது முதுமை என்ற எதிர்நிலையிலேயே அதன் கட்டுக்கோப்பு முழுவதும் தங்கியுள்ளது. நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரம் இதே எதிர்நிலையை அறவுரையாக்குகின்றது. தாயின் கையிலிருந்த கோல் ஒருநாள் மகளின் கைக்கும் வந்து சேரும் என்று அங்கு ஒரு செய்யுள் எச்சரிக்கின்றது. யாழ்ப்பாணத்து வழக்கிற் கூறுவதாயின், கோல் ஒரு முதுசொம். காலம் வந்தபின் முறைப்படி கைமாறுவது.

முறைக்கு முன்னரே அம்முதுசொம் கைக்கு வந்துவிட்டவரை என்ன செய்வது? இருபது வயதிற் கைத்தடியோ, தாங்குகட்டையோ, சக்கர நாற்காலியோ தேவைப்படும் ஒருவர் அதனை வீட்டில் விட்டுவிட்டு, சுவரையும் நண்பரின் தோளையும் பற்றிக்கொண்டு விரிவுரை மண்டபத்துக்கு வருவதை நாம் கண்டிருக்கின்றோம். வலியும் விழும் அச்சமும் உடலுக்குத் தெரியும். எனினும் கோலோடு காணப்படுவதைவிட விழுவதே மேல் என்று தீர்மானிக்கின்ற ஏதோவொன்று உள்ளது. உளவியலாளர் அதனைத் தன்னம்பிக்கைக் குறைவு என்பர். அவ்விளக்கம் போதாது என்பதே நமது கருத்து. அக்கூச்சம் தனி மனத்தில் உதித்ததன்று. அதற்கு இலக்கிய வரலாறும் சமூக அடிப்படையும் உண்டு.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். நாணுடைமை அதிகாரத்திலே வள்ளுவர், தகாத செயலின் பொருட்டு வருவதே நாணம் என வரையறுத்துத் தொடங்குகின்றார். கைத்தடி பற்றுவது தகாத செயலன்று. எனவே வள்ளுவரின் கணக்கில் அது நாணத்துக்குரியதும் அன்று. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இன்னும் ஒருபடி சென்று, பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, முயற்சியின்மையே பழி என்கின்றார். பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொள்வர்; உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். பின்னைய பொருளை ஏற்பின், உடலின் மேலிருந்த பழியை நீக்கியமை பெரும் முன்னேற்றமே. ஆயினும் நீக்கிய பழியை முயற்சியின் தலையில் இறக்கிவைத்தமையும் மனங்கொள்ளத்தக்கது. முயன்று முயன்று தன்னை நிரூபித்துக்கொண்டேயிருக்கும் ஊனமுற்றவரை மட்டும் போற்றும் மனப்பான்மைக்கு நம்மிடையே நெடிய மரபு உண்டு. மேடைகளில் இக்குறளை ஓதுவோர் இப்பக்கத்தைப் பார்ப்பதில்லை.

கோல் என்ற பொருளிலே இழிவு எதுவும் இயல்பாக ஒட்டியிருக்கவில்லை. அரசனிடம் அது செங்கோல். அந்தணத் துறவியிடம் முக்கோல். சிலப்பதிகாரத்தில் மாதவி இளம்பருவத்திலேயே அரங்கேறித் தலைக்கோற் பட்டம் பெறுகின்றாள். அதிகாரத்தையோ, துறவையோ, கலைத்திறனையோ சுட்டும்போது கோல் பெருமை தருகின்றது. உடலைத் தாங்கும்போது மட்டும் மறைக்கப்பட வேண்டியதாகின்றது. இவ்வேறுபாடு மரத்தில் இல்லை. மூக்குக்கண்ணாடியும் புலனொன்றின் குறையை ஈடுசெய்யும் கருவிதான். அதனை அணிந்த மாணவனை எவரும் பரிதாபத்தோடு நோக்குவதில்லை; படிப்பாளி என்றுகூட எண்ணுவர். கண்ணாடி அணிந்தவர் உழைப்புச் சந்தையிலும் திருமணச் சந்தையிலும் விலை குறைவதில்லை. கோலூன்றுபவர் குறைகின்றார், அவர் பெண்ணாயின் இரட்டிப்பாக. சீதனம் பேசும் வீட்டிலே கைத்தடியை மறைத்துவைக்கும் தாய் ஒரு பொருளாதார உண்மையை நன்கு விளங்கிக்கொண்டவள்.

கதைகள் இவ்வுண்மைக்கு எவ்வாறு துணைபோயின என்பதை நோக்குவோம். யொஹானா ஸ்பிரியின் 'ஹைடி' (1880-81) உலகெங்கும் சிறுவர் படிக்கும் நாவல். அதில் வரும் கிளாரா சக்கர நாற்காலியில் வாழும் செல்வச் சிறுமி. அல்ப்ஸ் மலைக்கு அவள் வந்தபோது, பொறாமை கொண்ட ஆட்டிடையச் சிறுவன் பீற்றர் நாற்காலியை மலைச்சரிவிலே தள்ளி நொறுக்கிவிடுகின்றான். நாற்காலி போனபின் கிளாரா நடக்கக் கற்கின்றாள். பிறருக்கு உரிய கருவியை அழித்தது கொடுஞ்செயல் என்பதை நாவல் ஓரளவு உணர்கின்றது. பீற்றரும் அஞ்சி நடுங்குகின்றான். ஆனால் கதையின் போக்கு அவனை மன்னிக்கின்றது, நன்மையே விளைந்ததல்லவா! பிரான்சஸ் ஹொட்ஜ்சன் பேர்னெற்றின் 'இரகசியத் தோட்டம்' (1911) நாவலிலும் கொலின் என்னும் சிறுவன் நாற்காலியை விட்டெழுந்து ஓடுவதே உச்சம். டிக்கென்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' (1843) காட்டும் சிறுவன் ரிம் தாங்குகட்டையோடு வருபவன். அவன் இறப்பானா, பிழைப்பானா என்பதே அங்குள்ள வினா. தாங்குகட்டையோடு வளர்ந்து, வேலைக்குப் போய், காதலித்து, சலித்துக்கொள்ளும் ரிம்மை டிக்கென்ஸ் நமக்குக் காட்டவில்லை. தமிழ்த் திரையிலே 'பாகப்பிரிவினை' (1959) சிவாஜி கணேசனின் நடிப்புக்காக இன்றும் பேசப்படுகின்றது. சிறுவயதில் மின்சாரம் தாக்கிக் கையும் காலும் விளங்காமற்போன கண்ணையனை இறுதியில் மின்சாரமே குணப்படுத்திவிடுகின்றது. மருத்துவ ரீதியில் இது நகைப்புக்குரியது. கதையமைப்பு ரீதியிலோ தவிர்க்கமுடியாதது. குணமாகாத நாயகனை வைத்துக் கதையை எவ்வாறு முடிப்பது என்பதை அக்காலத் திரையுலகம் அறியாதிருந்தது.

சற்று வேறுபட்ட சான்று 'மயூரி' (1985). நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சிக்கு அண்மையில் நேர்ந்த பேருந்து விபத்தின் பின் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி மீண்டும் மேடையேறினார். தம் கதையைக் கூறும் தெலுங்குப் படத்தில் தாமே நடித்தார். அப்படம் தமிழிலும் வெளிவந்தது. அவரது உறுதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. நாம் விமரிசிப்பது அப்படத்தை நாம் பார்த்த முறையையே. நடன உடையினுள்ளே செயற்கைக் கால் மறைந்துபோகின்றது. அது தெரியாமையே வெற்றியின் அளவுகோலாகின்றது. தாங்குகட்டையோடு ஆடியிருந்தால் கைதட்டியிருப்போமா?

ஜெய்ப்பூர்க் கால் பற்றி ஈண்டு சிறிது கூறுதல் பொருந்தும். 1968 அளவில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து அதனை உருவாக்கினர். மேலை நாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்தை வேண்டி நின்றது. சப்பணமிட்டோ குந்தியோ இருக்க இடந்தரவில்லை. இறப்பரால் அமைந்த இப்பாதமோ வெறுங்காலோடு வயலிலும் கோயிலிலும் நடக்க உதவியது. உழைக்கும் மக்களின் வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்ட கருவி என்பதில் ஐயமில்லை. எண்பதுகளிலிருந்து இலங்கையிலும் அது செய்யப்பட்டு, போரிலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தோர் பலரை நடக்கவைத்தது. எனினும் அது இயற்கைப் பாதத்தின் வடிவையும் நிறத்தையும் ஒத்திருப்பது பயனுக்காக மட்டுமன்று. காற்சட்டைக்குள் மறையக்கூடிய கால் மேல், மறையாத தாங்குகட்டை கீழ், நாற்காலி அதனினும் கீழ் என்றவாறு கருவிகளிடையேயும் ஒரு சாதி அடுக்கு நிலவுகின்றது. பயன்படுத்துவோரும் இவ்வடுக்கினை உள்வாங்கியுள்ளனர் என்பதே வேதனை.

இவ்விடத்தில் ஏர்விங் சோலாவின் 'விடுபட்ட துண்டுகள்' (1982) என்ற நூலைத் தமிழ் வாசகர் அறிதல் வேண்டும். சோலா அமெரிக்கச் சமூகவியற் பேராசிரியர். பதின்ம வயதிலே இளம்பிள்ளைவாதத்துக்கும் பின்னர் மோட்டார் விபத்துக்கும் உள்ளானவர். காற்பட்டையும் கைத்தடியும் கொண்டு நடந்தவர். 1972இல் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரிலுள்ள ஹெற் டோர்ப் என்ற, ஊனமுற்றோருக்கென அமைக்கப்பட்ட குடியிருப்பில் ஒரு வாரம் தங்கியபோது, நடக்க வல்லவராயிருந்தும் சக்கர நாற்காலியிலேயே இருந்தார். அமர்ந்த கணத்திலிருந்து மற்றவர் தம்மை நடத்திய விதம் மாறியதையும், அம்மாற்றத்துக்குத் தாமே உடன்பட்டுப் போனதையும் அவர் ஒளிவின்றி எழுதுகின்றார். இதைவிட முக்கியமானது பின்னர் அவர் கண்டுகொண்டது: விமான நிலையங்களின் நெடுந்தூரத்தை அதுவரை வீம்புக்காக நடந்தே கடந்து வந்தவர், நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் தாம் எவ்வளவு காலம் களைத்தும் நொந்தும் இருந்தார் என்பதை உணர்ந்தார். நோவு அவருக்கு இயல்பாகிவிட்டிருந்தது; அதனை நோவென அறியவே நாற்காலி தேவைப்பட்டது. கிளாராவின் கதையை இது தலைகீழாக்குகின்றது. நாற்காலியிலிருந்து எழுவது அங்கு விடுதலை, இங்கு அமர்வது.

சோலாவின் நூலுக்கும் வர்க்க எல்லை உண்டு. விமான நிலையத்தில் நாற்காலி கேட்டால் கிடைக்கும் நாட்டவர் அவர், ஆண், பேராசிரியர். பிரித்தானியாவிலே 1972இல் உருவான, ஊனமுற்றோரை ஒதுக்கிவைப்பதற்கு எதிரான ஒன்றியம் 1976இல் வெளியிட்ட அடிப்படைக் கொள்கைகள், உடற்குறை வேறு, அக்குறையுடையோரைச் சமூகம் முடக்குவது வேறு என்று பிரித்துக்காட்டின. சமூக முடக்கத்தை நீக்கும் போராட்டம் இங்கும் நிகழ்ந்துள்ளது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. புதிய பொதுக் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக அமையவேண்டும் என 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. படிக்கட்டுகள் அதன் பின்னரும் பெரும்பாலும் படிக்கட்டுகளாகவே உள்ளன. ஆனால் சாய்தளம் அமைந்துவிட்டால் கூச்சம் தானே நீங்கிவிடும் என முற்போக்காளர் எண்ணுவதும் இயந்திரப் பாங்கானது. பார்வைகளும் கதைகளும் கூட வாழ்வின் பௌதிக நிலைமைகளுள் அடங்குவன.

நம் முற்போக்கு எழுத்தும் இதிற் குற்றமற்றதன்று. முடமான சமுதாயம், ஊன்றுகோல் தேடும் பண்பாடு, சொந்தக் காலில் நிற்கும் மக்கள் என நாம் எழுதிய கட்டுரைகளைத் திரும்பப் புரட்டினால், கோலை வீசியெறிவதே எழுச்சியின் படிமமாக இருப்பதைக் காணலாம். கோல் தேவைப்படும் தோழர் அவ்வரிகளை எவ்வாறு வாசித்திருப்பார் என்று நாம் கேட்டதில்லை.

முதியவரின் கோல் எவரிடமும் விளக்கம் கோருவதில்லை. வயதே அதன் விளக்கம். இளையவரின் கோலோ கண்டவர் எல்லோரையும் "என்ன நடந்தது?" என்று கேட்கவைக்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் 2009இன் பின் இக்கேள்வி வெறும் விடுப்பாக இருந்ததில்லை. எங்கே, எப்போது, எந்தப் பக்கத்தில் என்ற துணைக்கேள்விகள் அதற்குள் அடங்கியிருந்தன. காயத்தின் வரலாற்றைச் சொல்லுதல் ஆபத்தாக இருந்தோருக்குக் கோலை மறைத்தல் கூச்சமாகவன்றி எச்சரிக்கையாகவும் இருந்திருக்கும். போர்க்கால, போர்ப்பிற்கால எழுத்துகளில் கால் இழந்தோர் வருகின்றனர். பெரும்பாலும் தியாகத்தின் சின்னமாகவோ இழப்பின் சின்னமாகவோ வருகின்றனர். சின்னம் பேருந்துக்குக் காத்து நிற்பதில்லை.

பேருந்தில் முன் ஆசனத்தின் மேல் ஒதுக்கீட்டு அறிவித்தல் உண்டு. நோய் சில நாட்களில் மட்டும் காலை வாட்டும் இளம்பெண் கோலின்றி அங்கு அமர்ந்தால் எழும்பச் சொல்வர். கோலோடு வந்தால் இடம் கிடைக்கும், இறங்கும்வரை பார்வைகளும் கிடைக்கும். அடுத்த நாள் உடல் சற்று இடங்கொடுத்து அவள் கோலின்றி நடந்து செல்வதை அதே பயணிகள் கண்டால், நேற்று நடித்தாள் என்பர். அவளுக்குக் கோல் நடப்பதற்கான கருவியாக இருப்பதோடு நாளாந்தம் காட்டவேண்டிய சான்றிதழாகவும் ஆகிவிடுகின்றது. அவளைக் குணப்படுத்தாமலும் கொன்றுவிடாமலும், பேருந்திலிருந்து இறக்கி, வகுப்புக்குப் பிந்திப்போன எரிச்சலோடு நடக்கவிடும் சிறுகதையொன்றை நாம் இன்னும் வாசிக்கவில்லை.